நடு அறைக்கு வெளிச்சம் எங்கிருந்து வருகிறது?

கேள்வி: நானும் கணவரும் நியூ ஜெர்சியில் எடிசனில் பதினேழு வருடமாக இருக்கிறோம். இருவருக்கும் வேலை மன்ஹாட்டனில். மகன் கல்லூரிக்குப் போய்விட்டான், மகளுக்குப் பதினான்கு வயது. எடிசன் வீட்டை விற்றுவிட்டு நகரத்துக்குள் போய்விடலாம் என்று தேடியபோது மன்ஹாட்டனின் தென்பகுதியில் உள்ள டிரைபெகாவில் ஒரு 'ப்ரீ-வார் லாஃப்ட்' (உலகப் போருக்கு முந்தைய, கிடங்குத் தளத்தை வீடாக்கியது) கண்ணில் பட்டது. 1886இல் கட்டிய ஏழு தளக் கட்டடம். கீழே ஒரு கடை, மேலே தளத்துக்கு ஒன்றாக ஆறு வீடுகள். நாங்கள் பார்த்தது நான்காவது தளம். 1,850 சதுர அடி, விலை 29.5 லட்சம் டாலர், மாத மெயின்டனன்ஸ் 3,900. கோ-ஆப் கட்டடம், அதாவது குடியிருப்பவர்கள் பங்கு வைத்திருக்கும் கம்பெனிக்குச் சொந்தம். உள்ளே நுழைந்து செங்கல் சுவரையும் தலைக்கு மேல் வரிசையாக ஓடும் மர உத்திரங்களையும் பார்த்ததும் கும்பகோணத்தில் என் தாத்தா வீட்டுக்குள் வந்துவிட்ட மாதிரி இருந்தது. விளம்பரத்தில் மூன்று பெட்ரூம். நடு அறையை மாமனார், மாமியாருக்குக் கொடுக்கலாம் என்று நினைக்கிறோம். வருடத்தில் ஐந்து மாதம் எங்களோடு இருப்பார்கள். அந்த அறையின் பக்கச் சுவரில் சின்ன ஜன்னலும் இருக்கிறது, பக்கத்து இரண்டு மாடிக் கட்டடத்தின் கூரை தெரிகிறது. மாமனார்தான், "நூற்றி நாற்பது வருடத்துக் கட்டடம், யானையைக் கட்டித் தீனி போட முடியுமா?" என்கிறார். வெள்ளிக்கிழமைக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்கிறார் புரோக்கர். வாங்கலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, எடிசன்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் வெள்ளிக்கிழமையை மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். நியூயார்க்கில் வீடு விற்பனை வாய்ப்பேச்சில் நிற்காது. இரண்டு தரப்பும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்வரை யாரும் யாருக்கும் கட்டுப்பட்டவர் இல்லை. உங்கள் விலையை வெள்ளிக்கிழமை சொல்லுங்கள், தவறே இல்லை. அதற்கும் கையெழுத்துக்கும் நடுவில் கிடைக்கிற சில நாட்கள்தான் உங்களுக்கு முக்கியம். கட்டடத்தைச் சோதிப்பது, காகிதம் படிப்பது எல்லாம் அதற்குள் முடிந்துவிட வேண்டும். கையெழுத்துப் போட்டு, வழக்கமான 10 சதவீத முன்பணத்தையும் கொடுத்த பிறகு, "சுவரில் ஈரம் இருக்கிறதே" என்று திரும்பி வந்தால் பணம் திரும்பாது.

சரி, தாத்தா வீட்டுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்த வரிதான்.

காவிரிக்கரைத் தெருக்களில் அந்த மாதிரி வீடுகளை நானும் பார்த்திருக்கிறேன். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அடுக்களை, கொல்லை என்று ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். தெருவில் நின்று பார்த்தால் குறுகலாகத் தெரியும், உள்ளே போகப் போக நீளும். அவ்வளவு நீளமான வீட்டின் நடுவில் இருட்டு இல்லாமல் இருந்தது முற்றத்தால். வெயிலும் மழையும் காற்றும் அதன் வழியாகத்தான் இறங்கின. உங்கள் தாத்தா பகலில் விளக்குப் போடாமல் கூடத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்திருப்பார்.

நீங்கள் பார்த்த லாஃப்டுக்கும் அதே உடம்புதான். மன்ஹாட்டன் மனை பெரும்பாலும் 25 அடி அகலம், 100 அடி நீளம். இரண்டு பக்கமும் அடுத்த கட்டடத்தின் சுவர். தெருப் பக்கம் பெரிய பெரிய ஜன்னல்கள், பின்பக்கம் ஜன்னல்கள், அவ்வளவுதான். முற்றம் கிடையாது. ஏனென்றால் அதை யாரும் குடியிருக்கக் கட்டவில்லை. அந்த வட்டாரம் வாஷிங்டன் மார்க்கெட் என்ற மொத்தச் சந்தையின் கிடங்கு வட்டாரம். வெண்ணெயும் முட்டையும் பாலாடைக்கட்டியும் காய்கனியும் அங்கே வந்து இறங்கின. பல கட்டடங்களின் முன்னால் இன்றும் தகர, இரும்புப் பந்தல் நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சரக்கு இறக்கும்போது நனையாமல் இருக்கப் போட்டவை. வெண்ணெய்ப் பீப்பாய்க்கு வெளிச்சம் தேவையில்லை. நடுவில் இருட்டும் குளிர்ச்சியும் இருந்தால் அதற்கு நல்லதுதான்.

1960களில் சந்தை பிராங்க்ஸின் ஹன்ட்ஸ் பாயின்ட்டுக்குப் போனது, தளங்கள் காலியாயின. ஓவியர்களும் சிற்பிகளும் குறைந்த வாடகைக்கு வந்து, சட்டப்படி குடியிருக்கக் கூடாத இடத்தில் குடியிருந்தார்கள். அவர்களைக் காப்பாற்றவும் கட்டடங்களை முறைப்படுத்தவும் 1982இல் லாஃப்ட் சட்டம் வந்தது. டிரைபெகாவின் மேற்குப் பகுதியை 1991இல் வரலாற்றுப் பகுதியாக அறிவித்தார்கள். கிடங்கு வீடான கதை இது. இந்தக் கதை தெரியாமல் இங்கே வீடு வாங்கினால், நடு அறை ஏன் இருட்டு என்பதும், காகிதங்கள் ஏன் இவ்வளவு சிக்கல் என்பதும் புரியாது.

இனி அந்த நடு அறை.

நியூயார்க்கில் ஒரு அறையைப் படுக்கையறை என்று சட்டம் ஒப்புக்கொள்ள வேண்டுமென்றால், அதன் ஜன்னல் தெருவையோ, பின்முற்றத்தையோ, விதிப்படி அளவுள்ள திறந்தவெளியையோ பார்த்திருக்க வேண்டும். நீங்கள் சொல்கிற ஜன்னல் பக்கத்துக் கட்டடத்தின் கூரையைப் பார்க்கிறது. அது மனையின் எல்லைக்கோட்டிலேயே நிற்கிற சுவர். இங்கே அதை 'லாட் லைன் விண்டோ' என்பார்கள், எல்லைச் சுவர் ஜன்னல். பொது விதிப்படி அது வெளிச்சக் கணக்கில் சேராது. அந்தக் காற்றும் வெளிச்சமும் பக்கத்து மனைக்காரருடையவை, நீங்கள் அனுபவிப்பது அவர் கட்டாத வரைக்கும்தான். அவர் இரண்டு மாடியை ஐந்து மாடியாக்க அனுமதி வாங்கிவிட்டால் உங்கள் ஜன்னலை ஒட்டி அவர் சுவர் எழும்பும். உங்கள் கட்டடமே அந்த ஜன்னலைச் செங்கல் வைத்து அடைக்க வேண்டி வரும், நஷ்டஈடும் கிடையாது. வரலாற்றுப் பகுதி என்பதால் பழங்காலக் கட்டடங்களைப் பாதுகாக்கும் நகர ஆணையத்தின் அனுமதியும் அவருக்குத் தேவை, அது எளிதில் கிடைக்காது. ஆனால் கிடைக்கவே கிடைக்காது என்று உங்களுக்கு யாரும் எழுதித் தர மாட்டார்கள்.

இது எல்லை ஜன்னல்தானா என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். அடுத்த முறை போகும்போது அந்தக் கண்ணாடியைப் பக்கத்தில் நின்று பாருங்கள். பக்கத்துக் கட்டடத்தில் தீப்பிடித்தால் தாங்க வேண்டும் என்பதற்காக எல்லை ஜன்னல்களில் பெரும்பாலும் கோழிக்கூண்டு வலை மாதிரி மெல்லிய கம்பி பதித்த கண்ணாடி போட்டிருப்பார்கள். முன்பக்க ஜன்னலில் அது இருக்காது. அறையின் உட்கூரையில் நெருப்பணைக்கும் தெளிப்பான் ஒன்று ஜன்னலுக்கு மட்டும் தனியாக இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

நான் வக்கீல் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு தம்பதிக்கு இதே மாதிரி வீட்டை முடித்துக் கொடுத்தேன். காகிதங்களில் குறை இல்லை. கிழக்குச் சுவரில் மூன்று ஜன்னல்கள், காலை வெயில் சமையலறை வரை வரும். நான் நேரில் போய்ப் பார்க்கவில்லை, புரோக்கர் கொடுத்த வரைபடத்தை மட்டும் பார்த்தேன். நான்கு வருடம் கழித்து அந்த அம்மா போன் செய்தார். பக்கத்தில் கட்டுகிறார்கள், இன்று இரண்டாவது ஜன்னலுக்குச் செங்கல் வைத்தார்கள் என்று. அழவில்லை, கோபப்படவும் இல்லை. "இது உங்களுக்கு முன்பே தெரியுமா சார்?" என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகு வரைபடத்தை நம்பி எந்த வீட்டையும் நான் முடித்ததில்லை.

ஆகவே என் கணக்கில் நீங்கள் பார்த்தது மூன்று படுக்கையறை வீடு இல்லை. முன்பக்கமும் பின்பக்கமும் வெளிச்சமுள்ள இரண்டு அறைகளும், நடுவில் ஒரு கிடங்கும் உள்ள வீடு. விலையையும் அப்படித்தான் பேச வேண்டும். அதே தெருக்களில் இரண்டு படுக்கையறை லாஃப்டுகள் சமீபத்தில் என்ன விலைக்குப் போயின என்று பாருங்கள். நகரத்தின் பதிவு ஆவணத் தளமான ஏக்ரிஸில் யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தேடலாம், நம் ஊர் வில்லங்கம் பார்ப்பது மாதிரி. சதுர அடியையும் நம்பிவிடாதீர்கள். கோ-ஆப் வீட்டுக்குச் சட்டப்படி சதுர அடி என்று ஒன்று எந்தப் பத்திரத்திலும் இருப்பது அபூர்வம். 1,850 என்பதில் சுவர்களின் கனமும் லிஃப்ட் குழியும் சேர்ந்திருக்கலாம். டேப் எடுத்துக்கொண்டு போய் உள்சுவரிலிருந்து உள்சுவர் அளந்து பாருங்கள்.

மாமனார், மாமியாருக்கு அந்த அறையைக் கொடுப்பதைப் பற்றி நான் வக்கீலாகச் சொல்வதைவிட ஒரு மகனாகச் சொல்கிறேன். அவர்கள் வருவது பெரும்பாலும் கோடையிலா குளிரிலா தெரியவில்லை. எந்தக் காலமானாலும் பகல் முழுக்க நீங்கள் இருவரும் வேலையில், பேத்தி பள்ளியில். வயதானவர்கள் இருவர் கூண்டு மாதிரி அறையில் விளக்கைப் போட்டுக்கொண்டு இருப்பார்கள். தெரு தெரிகிற முன் அறையை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு, நடு அறையை உங்கள் அலுவலக அறையாகவோ புத்தக அறையாகவோ வைத்துக்கொள்ள முடியுமானால் இந்த வீடு உங்களுக்குச் சரிப்பட்டு வரும். முடியாதென்றால் இங்கேயே நிறுத்திக்கொண்டு வேறு வீடு பாருங்கள். மீதிப் பதிலைப் படிக்கவே வேண்டாம்.

இரண்டாவது விஷயம், கோ-ஆப் என்றால் என்ன என்பதை மாமனாருக்கு நீங்கள் விளக்க வேண்டியிருக்கும். சென்னையில் ஃப்ளாட் வாங்கினால் நிலத்தில் பிரிக்கப்படாத பங்கு உங்கள் பெயருக்குப் பத்திரமாகும். இங்கே காண்டோ ஏறக்குறைய அப்படி. கோ-ஆப்பில் கிரயப் பத்திரமே கிடையாது. முழுக் கட்டடமும் ஒரு கம்பெனிக்குச் சொந்தம். நீங்கள் வாங்குவது அந்தக் கம்பெனியின் பங்குகள், பங்கோடு சேர்ந்து உங்கள் தளத்தில் குடியிருக்கும் குத்தகை உரிமை. கம்பெனிக்குக் கடன் இருந்தால் உங்களுக்கும் அதில் பங்கு, கூரை ஒழுகினால் அதிலும் பங்கு. இருநூறு வீடுள்ள கட்டடத்தில் ஒரு செலவு இருநூறாகப் பிரியும். உங்கள் கட்டடத்தில் ஆறு வீடு. உங்கள் பங்கு 15 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். முகப்பைச் சரி செய்ய 6 லட்சம் டாலர் ஆனால் உங்கள் பங்கு 90,000. மெயின்டனன்ஸுக்கு மேல், தனியாக. இதை 'அசெஸ்மென்ட்' என்பார்கள். மாமனார் சொன்ன யானைத் தீனி இதுதான், அவர் பயந்ததில் நியாயம் இருக்கிறது.

அப்படியானால் யானை இதுவரை என்ன தின்றது, இனி என்ன தின்னும் என்று எப்படித் தெரிந்துகொள்வது? கட்டடத்தின் கணக்கறிக்கைகள் இரண்டு மூன்று வருடத்துக்கானவை, அப்புறம் போர்டு (கம்பெனியை நடத்தும் குடியிருப்பவர்களின் குழு) கூட்டங்களின் மினிட்ஸ், அதாவது நடவடிக்கைக் குறிப்பு. மினிட்ஸைத்தான் நான் அதிகம் நம்புவேன். கணக்கறிக்கையை ஆடிட்டர் எழுதுகிறார், மினிட்ஸை எழுதுவது மூன்றாவது தளத்தில் குடியிருக்கிற யாரோ. பொதுவாக வக்கீல் போய்ப் படித்துக் குறிப்பெடுத்துக் கொடுப்பார். "மினிட்ஸில் பெரிதாக ஒன்றும் இல்லை" என்று ஒரு வரியில் மின்னஞ்சல் வந்தால் ஏற்காதீர்கள், குறிப்பு முழுவதையும் கேட்டு வாங்குங்கள். ஒரே விஷயம் கூட்டத்துக்குக் கூட்டம் திரும்பத் திரும்ப வருகிறதா பாருங்கள். 'பின்சுவர் ஈரம், ஒப்பந்தக்காரரிடம் விலை கேட்க வேண்டும்' என்று மூன்று வருடமாக எழுதியிருந்தால் அந்தச் செலவு உங்களுக்காகக் காத்திருக்கிறது.

உங்கள் கட்டடத்தில் நான் குறிப்பாகத் தேடுவேன் என்றால் முதலில் கடை. மாதம் 3,900 என்பது இவ்வளவு பெரிய தளத்துக்குக் குறைவாகவே தோன்றுகிறது. கீழ்த்தளக் கடையின் வாடகை கம்பெனிக்கு வந்து, அதில் வீடுகளின் செலவு குறைகிறதா? அப்படியானால் அந்தக் கடையின் குத்தகை எந்த வருடம் முடிகிறது? கடை காலியாகி ஒரு வருடம் வாடகைக்குப் போகாமல் கிடந்தால் உங்கள் 3,900 அப்படியே இருக்காது. அடுத்து, கட்டடத்தின் பேரில் அடமானக் கடன் எவ்வளவு, எப்போது புதுப்பிக்க வேண்டும்? வட்டி குறைவாக இருந்த காலத்தில் எடுத்த கடன் இப்போது முதிர்ந்தால் புது வட்டியில்தான் எடுக்க முடியும். கையிருப்பு நிதி எவ்வளவு என்பதையும் கேளுங்கள்.

பிறகு முகப்பு. 1979இல் மன்ஹாட்டனில் பிராட்வே தெருவில் ஒரு கட்டடத்திலிருந்து பெயர்ந்து விழுந்த கல் துண்டு பட்டு ஒரு கல்லூரி மாணவி இறந்துபோனார். அதற்கு அடுத்த வருடம் முகப்புப் பரிசோதனைச் சட்டம் வந்தது, 1998இல் அதை இறுக்கினார்கள். ஆறு தளத்துக்கு மேல் உள்ள எந்தக் கட்டடமும் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை முகப்பைப் பொறியாளரைக் கொண்டு சோதித்து அறிக்கை கொடுக்க வேண்டும். உங்களுடையது ஏழு தளம், ஒரு தளத்தால் சட்டத்துக்குள் வந்துவிட்டது. அறிக்கையில் பாதுகாப்பானது, பழுதுபார்த்தால் பாதுகாப்பானது, ஆபத்தானது என்று மூன்று நிலை உண்டு. இரண்டாவது நிலையில் சொன்ன பழுதை அடுத்த சுற்றுக்குள் பார்க்காவிட்டால் அது தானாக 'ஆபத்தானது' ஆகிவிடும். அப்படி ஆனால் நடைபாதைமேல் இரும்புக் குழாய் நட்டு மரப்பலகைப் பந்தல் போட வேண்டும், அந்தப் பந்தல் வருடக்கணக்கில் நிற்கும். கடைசி அறிக்கை என்ன நிலையில் இருக்கிறது என்பதை நகரக் கட்டடத் துறையின் தளத்திலேயே பார்க்கலாம்.

நடைபாதையைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்தப் பழைய கட்டடங்கள் பலவற்றுக்கு நிலவறை கட்டடத்தோடு நிற்காமல் நடைபாதைக்கு அடியிலும் நீண்டிருக்கும். வாசலில் இரும்புச் சட்டத்துக்குள் குண்டு குண்டாகக் கண்ணாடி பதித்த தளம் இருந்தால் அடியில் அறை இருக்கிறது என்று அர்த்தம். மின்விளக்கு வருமுன் நிலவறைக்கு வெளிச்சம் இறங்கச் செய்த ஏற்பாடு. பார்க்க அவ்வளவு அழகு. மழைநீர் இறங்கி உள்ளே இருக்கும் இரும்பு உத்திரம் துருப்பிடித்தால் சரி செய்வது பெரிய செலவு, அதுவும் கட்டடத்தின் தலையில்தான். நிலவறையில் இறங்கிப் பார்க்காமல் இந்த வட்டாரத்தில் வீடு வாங்காதீர்கள். 2012 அக்டோபரில் சாண்டி புயலின்போது டிரைபெகாவின் மேற்குத் தெருக்களில் ஹட்சன் ஆற்று நீர் நிலவறைகளுக்குள் புகுந்தது. உங்கள் கட்டடத்தில் புகுந்ததா, அப்போது கொதிகலனும் மின்பெட்டியும் எங்கே இருந்தன, இப்போது எங்கே இருக்கின்றன என்று பராமரிப்பவரிடம் நேராகக் கேளுங்கள்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. பெரிய கட்டடங்களின் கரிம வெளியேற்றத்துக்கு வரம்பு வைத்து, மீறினால் டன்னுக்கு 268 டாலர் அபராதம் போடும் நகரச் சட்டம் 25,000 சதுர அடிக்கு மேற்பட்ட கட்டடங்களுக்குத்தான். உங்கள் கட்டடம் அளவைப் பார்த்தால் அதற்குள் வராது. யாராவது அதைச் சொல்லிப் பயமுறுத்தினால் பொருட்படுத்த வேண்டாம்.

குடியிருப்புச் சான்று மிக முக்கியம், ஆனால் பார்க்க ஐந்து நிமிடம் போதும். கிடங்காக இருந்து வீடாக மாறிய கட்டடம் என்பதால், கட்டடத் துறை கொடுத்த சான்றிதழில் நான்காவது தளம் குடியிருப்பு என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும். தளம் தளமாகப் பட்டியல் இருக்கும். 'தற்காலிகம்' என்றிருந்தாலோ, கட்டடம் இன்னும் லாஃப்ட் சட்டத்தின் இடைக்காலப் பட்டியலில் (முறைப்படுத்தும் வேலை முடியாதவை) இருந்தாலோ கையெழுத்துப் போடாதீர்கள். வங்கிக் கடனும் சிக்கலாகும், பிறகு விற்பதும் சிக்கலாகும். கனால் தெருவுக்கு வடக்கே சோஹோவில் தேடுகிற நண்பர்கள் யாராவது இருந்தால் அவர்களுக்கும் சொல்லுங்கள். அங்கே 1971 முதல் பல லாஃப்டுகள் நகரத்தின் சான்று பெற்ற கலைஞர்கள் மட்டுமே வாழ்ந்து தொழில் செய்யும் இடங்கள் என்று விதி. 2021 டிசம்பரில் மண்டல விதியை மாற்றியபோது சதுர அடிக்கு 100 டாலர் கட்டிச் சாதாரண வீடாக மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள், அதுவும் நீதிமன்றத்துக்குப் போனது. அங்கே வாங்குகிறவர் தனியாக ஆலோசனை பெறாமல் இறங்கக் கூடாது.

வரலாற்றுப் பகுதி என்பதால் முன்பக்க ஜன்னலை உங்கள் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. குளிர் உள்ளே வருகிறது என்று பிளாஸ்டிக் சட்டம் போட்ட ஜன்னல் வாங்கிப் பொருத்த முடியாது, ஆணையம் ஒப்புக்கொண்ட மாதிரிதான். முந்தையவர் அனுமதியில்லாமல் எதையாவது மாற்றியிருந்தால் அந்த மீறல் கட்டடத்தோடு தொடர்ந்து உங்களிடம் வரும். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அந்தக் கட்டுப்பாடு இருந்ததால்தான் 1886இன் முகப்பு உங்களுக்குப் பார்க்கக் கிடைத்தது.

இனி வீட்டுக்குள். உங்கள் கடிதத்தில் சமையலறையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, அது எனக்குக் கவலையாக இருக்கிறது. லாஃப்டில் சமையலறை பெரும்பாலும் நடுவில், கூடத்தோடு சேர்ந்தே இருக்கும். அடுப்புக்கு மேல் பளபளவென்று புகைபோக்கி இருக்கும். அதை ஓடவிட்டு, காற்று எங்கே போகிறது என்று பாருங்கள். வெளியே குழாய் போகாமல் வடிகட்டி வழியாகத் திரும்பக் கூடத்துக்கே விடுகிற வகையாக இருந்தால், ஒரு மீன் குழம்போ மிளகாய்த் தாளிப்போ போதும், சோபாவரை மூன்று நாள் நிற்கும். மேலே கீழே இருப்பவர்களுக்கும் போகும். புதிதாகக் குழாய் போட முகப்பைத் துளைக்க முடியாது, பின்சுவர் வழியாக விட போர்டும் ஆணையமும் ஒப்புக்கொள்ள வேண்டும். சமையலறையை இடம் மாற்றலாம் என்றும் நினைக்காதீர்கள். கீழ்வீட்டுக்காரரின் படுக்கையறைக்கு மேல் உங்கள் தண்ணீர்க் குழாய் வர பெரும்பாலான கோ-ஆப்கள் விடுவதில்லை.

தரை மர உத்திரத்தின்மேல் மரப்பலகை. காலடிச் சத்தம் கீழே அப்படியே கேட்கும். தரையில் 80 சதவீதம் கம்பளம் போட வேண்டும் என்ற விதி பல கட்டடங்களில் உண்டு. காலை ஆறு மணிக்கு மாவரைக்கிற பழக்கம் இருந்தால் கிரைண்டருக்கடியில் கனமான ரப்பர் விரிப்பு வேண்டியிருக்கும். பையில் ஒரு கோலிக்குண்டு கொண்டுபோய் நடுக்கூடத்தில் வையுங்கள். மெதுவாக உருண்டால் பரவாயில்லை, நூற்றி நாற்பது வருட மரம் கொஞ்சம் தொய்ந்திருக்கும். விடுவிடுவென்று ஒரு மூலைக்கு ஓடினால் அந்த மூலையில் குளியலறை இருக்கிறதா பாருங்கள். குழாய் போட உத்திரத்தை வெட்டியிருக்கலாம், அல்லது வருடக்கணக்காகத் தண்ணீர் கசிந்து மரம் உளுத்திருக்கலாம். கையெழுத்துக்கு முன் சொந்தமாக ஒரு பொறியாளரை அழைத்துப்போய் அந்த இடத்தைக் காட்டுங்கள்.

செலவுக் கணக்கு சுருக்கமாக. 10 லட்சம் டாலரோ அதற்கு மேலோ விலையுள்ள வீட்டுக்கு வாங்குபவர் கட்டும் மாநில வரி உண்டு, மேன்ஷன் டாக்ஸ் என்பார்கள். 29.5 லட்சத்துக்கு 1.25 சதவீதம், அதாவது 36,875 டாலர். விலை 30 லட்சத்தைத் தொட்டுவிட்டால் 1.5 சதவீதமாகி 45,000. போட்டி வந்து விலை ஏறினாலும் இந்தக் கோட்டைத் தாண்டும்போது யோசித்துத் தாண்டுங்கள். கோ-ஆப் என்பதால் அடமானப் பதிவு வரி கிடையாது. இதே வீடு காண்டோவாக இருந்து 15 லட்சம் கடன் வாங்கினால் 28,875 டாலர் அதற்கே போயிருக்கும்.

போர்டு நேர்காணலுக்குப் பயப்பட வேண்டாம். உங்கள் வருமானம், சேமிப்பு, வரித் தாக்கல் எல்லாவற்றையும் பார்ப்பார்கள். வீட்டை முடித்த பிறகும் கையில் ஒன்றிரண்டு வருட மெயின்டனன்ஸும் கடன் தவணையும் கட்டுமளவு பணம் மிஞ்சுகிறதா என்பதே பல போர்டுகளின் கேள்வி. காரணம் சொல்லாமலே மறுக்க அவர்களுக்கு உரிமை உண்டு, ஆனால் இனத்தையோ மதத்தையோ பிறந்த நாட்டையோ வைத்து மறுப்பது சட்டவிரோதம். மறுத்துவிட்டால் முன்பணம் திரும்ப வந்துவிடும். நீங்கள் அவர்களிடம் கேட்க வேண்டியது இரண்டு. ஓய்வுக்குப் பிறகு ஊரோடு போய்விட்டால் வீட்டை வாடகைக்கு விட விடுவார்களா, எத்தனை வருடத்துக்கு? வருடத்தில் ஐந்து மாதம் பெற்றோர் வந்து தங்குவதற்கு விதிகளில் ஏதாவது தடை இருக்கிறதா? இரண்டுக்கும் பதில் குத்தகைப் பத்திரத்திலும் வீட்டு விதிகளிலும் இருக்கும், வாய்வார்த்தையாக யார் சொன்னாலும் வாங்கிக்கொள்ளாதீர்கள்.

வாங்கலாமா என்று நேராகக் கேட்டிருக்கிறீர்கள், நேராகவே சொல்கிறேன். பெற்றோருக்கு முன் அறை, இரண்டு படுக்கையறை விலை, குடியிருப்புச் சான்றில் குறையில்லை, மினிட்ஸில் ஒளித்த செலவு இல்லை. இந்த நான்கும் சரியாக அமைந்தால் வாங்குங்கள், நான் உங்கள் இடத்தில் இருந்தால் வாங்குவேன். அந்தச் செங்கலும் உத்திரமும் இனி யாரும் கட்டப்போவதில்லை. நான்கில் ஒன்று தவறினாலும் விலகிவிடுங்கள். டிரைபெகாவில் வேறு லாஃப்ட் விற்பனைக்கு வந்துகொண்டுதான் இருக்கும்.

இந்த வாரம் முடிந்தால் வேலை நாள் ஒன்றில் காலை பதினோரு மணிக்கு மாமனாரையும் கூட்டிக்கொண்டு போங்கள். விற்பவர் எல்லா விளக்கையும் போட்டு வைத்திருப்பார். அத்தனையையும் அணைக்கச் சொல்லிவிட்டு, நடு அறையில் மாமனாரைப் பத்து நிமிடம் உட்காரவைத்துக் கையில் ஒரு செய்தித்தாளைக் கொடுங்கள். மினிட்ஸ் குறிப்பு கைக்கு வந்ததும் எனக்கு மறுபடி எழுதுங்கள்.